கணக்கில் ஏறாத பந்துகள்

அன்பு அண்ணனுக்கு,

அமெரிக்கக் கூடைப்பந்து அணியான பாஸ்டன் செல்டிக்ஸ் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். அந்த அணியில் பில் ரஸ்ஸலுக்கு மேல் ஆளில்லை என்கிறீர்கள். அவர் சராசரி ஆட்டத்துக்கு 15 புள்ளிதான். யாரும் மறிக்காமல் எறியும் ஃப்ரீ த்ரோவில் நூற்றுக்கு 56. அதே அணியில் பிற்பாடு ஆடிய லாரி பேர்டுக்குச் சராசரி 24. அப்புறம் எப்படி? தொண்டியில் எங்கள் தெருப் பையன்களுக்குச் சாயங்காலம் கூடைப்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு நெட்டைப் பையனுக்குக் கூடையில் போடவே வரவில்லை. மற்றவர்கள் கேலி செய்கிறார்கள், ‘நான் வரலை’ என்கிறான். அவனுக்கு என்ன சொல்லட்டும்?

எஸ்., தொண்டி

அன்புள்ள எஸ்.,

நீங்கள் சொன்ன எண்கள் சரி. ஆனால் ரஸ்ஸலின் பெரிய வேலை அந்த எண்களுக்குள் இல்லை. அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியான என்.பி.ஏ.வில் பிளாக்குகளை, அதாவது எதிராளி கூடைக்கு எறியும் பந்தைத் தடுப்பதை, எண்ணத் தொடங்கியதே 1973-74 பருவத்தில்தான். ரஸ்ஸல் 1969-லேயே ஆட்டத்தை விட்டுவிட்டார். அவர் தடுத்த பந்துகள் மொத்தம் எத்தனை என்று யாராலும் சொல்ல முடியாது.

செல்டிக்ஸ் 1946-ல் தொடங்கிய அணி. முதல் பத்து வருஷம் கோப்பை இல்லை. பாப் கூசி இருந்தார், பந்து கடத்துவதில் மன்னன். புள்ளிக்குக் குறைவில்லை. போர்டில் பட்டுத் திரும்பும் பந்தை எடுக்கத்தான் ஆளில்லை. 1956-ல் கோச் ரெட் ஆவர்பாக், எட் மெக்காலி, கிளிஃப் ஹேகன் இருவரையும் செயின்ட் லூயிஸ் ஹாக்ஸுக்குக் கொடுத்து ரஸ்ஸலை எடுத்தார். மெல்போர்ன் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய கையோடு வந்து சேர்ந்தார் ரஸ்ஸல்.

அந்தப் பருவத்தின் இறுதியில் எதிரே நின்றதும் அதே ஹாக்ஸ்தான். 1957 ஏப்ரல், கோப்பை யாருக்கு என்று முடிவாகும் ஏழாவது ஆட்டம், கடைசி நிமிடம். ஹாக்ஸின் ஜாக் கோல்மனுக்கு நடுக்கோட்டில் பந்து கிடைத்துவிட்டது. முன்னால் யாருமில்லை. ரஸ்ஸலோ கோர்ட்டின் அந்தக் கோடியில். அங்கிருந்து ஓடிவந்து, கோல்மன் எறிந்த பந்தைத் தடுத்தார். ஆட்டம் சமநிலையாகி, கூடுதல் நேரம் இரண்டு முறை நீண்டு, 125-123 என்று செல்டிக்ஸ் ஜெயித்தது. அதுதான் முதல் கோப்பை. ரஸ்ஸல் ஆடிய 13 பருவங்களில் 11 கோப்பைகள். கடைசி இரண்டு கோப்பைகளில் அவரே ஆட்டக்காரர், அவரே கோச். என்.பி.ஏ.வின் முதல் கறுப்பினக் கோச்சும் அவர்தான்.

அவர் தடுத்த விதம்தான் எனக்கு உயிர். பந்தைக் கூட்டத்துக்குள் அறைவது பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் பந்து மறுபடி எதிராளிக்கே போகும். ரஸ்ஸல் லேசாகத் தட்டுவார், கோட்டுக்குள்ளேயே, தன் ஆள் நிற்கும் பக்கமாக. கூசி அதை வாங்கிக்கொண்டு பறப்பார்.

இதை நான் மண்டபம் ஊர்த் திடலில் ஆடித் தெரிந்துகொண்டவன். உப்புக்காற்றில் வளையம் துருவேறி உதிரும். அதில் பழைய நைலான் வலைத்துண்டைக் கட்டியிருப்போம். கோட்டைத் தாண்டினால் ஒரே கருவேலமரம். பந்தை வெளியே அறைந்தால் முள் ஏறிவிடும், அன்றைய ஆட்டம் முடிந்தது. பங்க்சர் ஒட்டக் காசு போட்டுப் போட்டு, பந்தை உள்ளுக்குள்ளேயே தட்டப் பழகினோம். பிற்பாடு ரஸ்ஸலின் பழைய படங்களைப் பார்த்தபோது எனக்கு அந்த முள்காடுதான் ஞாபகம் வந்தது.

உங்கள் பையனுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள். ஓக்லண்டில் படித்தபோது ரஸ்ஸலுக்குப் பள்ளியின் இளையோர் அணியில் கிடைத்தது பதினாறாவது இடம். சட்டையோ பதினைந்துதான். கடைசிச் சட்டையை அவரும் இன்னொரு பையனும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். அவரை வேண்டாம் என்று அனுப்பாமல் வைத்துக்கொண்டவர் ஜார்ஜ் பவுல்ஸ் என்ற கோச். அந்த வேலையைத் தொண்டியில் இப்போது நீங்கள் செய்கிறீர்கள்.

அவனைக் கூடைக்கடியில் நிறுத்துங்கள். எறியச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். புள்ளி எழுதும் நோட்டில் இரண்டு கட்டம் கூடப் போடுங்கள்: அவன் தடுத்தது எத்தனை, அதில் நம் ஆள் கைக்கு வந்தது எத்தனை. ஆட்டம் முடிந்ததும் மற்ற பையன்கள் காதில் விழும்படி சத்தமாக வாசியுங்கள். ஒரு மாதம் கழித்து அந்த எண்களை எனக்கு எழுதி அனுப்புங்கள், காத்திருப்பேன்.