பையாஃப்ராவில் ஃபோர்சைத் செய்ததும் செய்யக் கூடாததும்

கேள்வி: 2025 ஜூனில் மறைந்த ஃபிரெடரிக் ஃபோர்சைத், போர்முனை நிருபராக இருந்துகொண்டே பிரிட்டிஷ் உளவுத்துறைக்கும் உதவினார்; பிறகு 35 நாட்களில் ஒரு நாவலை எழுதிப் பெரும் செல்வந்தரும் ஆனார். ஒற்றாடலுக்கு வள்ளுவரே ஓர் அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார். அந்தத் துணிச்சலும் நாட்டுப்பற்றும் இன்றைய நிருபர்களிடம் ஏன் இல்லை?
(ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: ஃபோர்சைத்தின் நாவல்களை ஒரே மூச்சில் படித்து முடித்தவர்களில் நானும் ஒருவன், ஆகவே அவர் மீதுள்ள உங்கள் மதிப்பில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அவருடைய வாழ்க்கையில் எதை நீங்கள் சாகசம் என்று கொண்டாடுகிறீர்களோ அதை என்னால் ஏற்க முடியவில்லை. எது உண்மையிலேயே கொண்டாடத் தக்கதோ அதன் பெயர்கூட உங்கள் கேள்வியில் இல்லை. அந்தப் பெயர் பையாஃப்ரா; நைஜீரியாவிலிருந்து பிரிந்து, மூன்று ஆண்டுகள்கூட நிலைக்காமல் போன நாடு.

முதலில் அந்த 35 நாட்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1970 ஜனவரியில், 31 வயதில், வேலையும் பணமும் இல்லாமல் ஆப்பிரிக்காவிலிருந்து லண்டனுக்குத் திரும்பியிருந்த ஃபோர்சைத், பழைய தட்டச்சு இயந்திரம் ஒன்றின் முன் உட்கார்ந்து ‘தி டே ஆஃப் தி ஜேக்கல்’ நாவலை எழுதினார் என்பது உண்மை. ஆனால் அந்த நாவலுக்கான விதை 1962இலேயே விழுந்துவிட்டது. அப்போது அவர் பாரிஸில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தின் இளம் நிருபர். அல்ஜீரியாவைக் கைவிட்டதற்காகப் பிரெஞ்சு அதிபர் டி கோலைக் கொல்லத் துடித்த ஓ.ஏ.எஸ். என்ற இரகசிய அமைப்பு ஒருபுறம், அவரைக் காக்கும் மெய்க்காவலர்கள் மறுபுறம் என இரு தரப்பையும் பக்கத்திலிருந்து பார்ப்பதே அவருடைய அன்றாட வேலையாக இருந்தது. 1962 ஆகஸ்ட் 22 அன்று பெத்தி கிளமார் என்ற இடத்தில் டி கோலின் கார் மீது சரமாரியாகச் சுட்டும் அவர் தப்பிவிட்டார். அந்தத் தாக்குதலை வழிநடத்திய பாஸ்தியேன் திரி என்ற இராணுவ அதிகாரி 1963 மார்ச்சில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஓ.ஏ.எஸ். ஆட்கள் எல்லோருடைய முகமும் பெயரும் பிரெஞ்சுக் காவல்துறையின் கோப்புகளில் இருப்பதால், எந்தக் கோப்பிலும் இல்லாத ஓர் அந்நியனைக் கூலிக்கு அமர்த்தினாலொழிய இவர்களால் டி கோலைக் கொல்ல முடியாது என்று அந்த நிருபர் அன்றே கணித்தார். நாவலின் அடித்தளம் அந்தக் கணிப்புதான். எட்டு ஆண்டுகள் மனத்தில் ஊறிய ஒன்றைத் தாளில் இறக்கிவைக்க 35 நாட்கள் போதுமானவையாக இருந்தன.

டி கோல் கொல்லப்படவில்லை என்று வாசகர் அனைவருக்கும் தெரிந்திருக்கும்போது இந்தக் கதையில் என்ன விறுவிறுப்பு இருக்க முடியும் என்று கேட்டுப் பதிப்பாளர்கள் சிலர் கையெழுத்துப் பிரதியைத் திருப்பி அனுப்பினார்கள். 1971இல் நூல் வெளிவந்தபோது வாசகர்கள் அதில் கண்டது வேறொன்று. குழந்தைப் பருவத்திலேயே இறந்துபோன ஒருவரின் பெயரைக் கல்லறையில் தேடிப் பிடித்து, அந்தப் பெயரில் பிறப்புச் சான்றிதழ் வாங்கி, அதைக் காட்டிக் கடவுச்சீட்டு பெறும் வழியை அவர் படிப்படியாக எழுதியிருந்தார். பிரிட்டனில் அந்த ஓட்டை அதன் பிறகும் பல ஆண்டுகள் அடைபடாமலே இருந்தது. ஓர் அலுவலகத்தின் நடைமுறையை அங்கு வேலை செய்பவரைவிட நுட்பமாகத் தெரிந்துவைத்திருப்பது நிருபரின் பழக்கம். அவருடைய நாவல்களின் பலம் முழுவதும் அந்தப் பழக்கத்திலிருந்து வந்ததே.

இனி பையாஃப்ராவுக்கு வருகிறேன். 1966இல் வடக்கு நைஜீரியாவில், கிழக்கைத் தாயகமாகக் கொண்ட இக்போ இனத்தவர் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, 1967 மே 30 அன்று கிழக்குப் பகுதியைப் பையாஃப்ரா என்ற தனி நாடாக அதன் இராணுவ ஆளுநர் ஓஜுக்வூ அறிவித்தார். ஜூலையில் போர் மூண்டது. அப்போது பி.பி.சி.யில் பணியாற்றிய ஃபோர்சைத்தை அங்கே அனுப்பியபோது, இந்தக் கலகம் சில வாரங்களில் அடங்கிவிடும் என்று லண்டனில் சொல்லி அனுப்பினார்கள். நேரில் அவர் கண்டது அதற்கு நேர்மாறாக இருந்தது; கண்டதை எழுதினார்; திருப்பி அழைக்கப்பட்டார். 1968இல் அவர் பி.பி.சி.யை விட்டு விலகி, எந்த நிறுவனத்தின் ஆதரவும் இல்லாமல் தனியாளாக அந்தக் காட்டுப் பகுதிக்கே திரும்பிச் சென்றார். மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் உள்ள ஒரு வேலையை, சொந்தக் கண்ணால் கண்டதை மாற்றிச் சொல்ல மனமில்லாமல் உதறிய இந்தச் செயல்தான் என் கணக்கில் அவருடைய வாழ்க்கையின் ஆகப் பெரிய துணிச்சல்.

அங்கே அவர் கண்டது என்ன என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 1968 மே மாதம் போர்ட் ஹார்கோர்ட் துறைமுகம் வீழ்ந்ததும் பையாஃப்ராவுக்குக் கடல் வழி அடைபட்டது. மரவள்ளியும் சேனை வகைக் கிழங்குகளும் உள்ளூரில் விளைந்தன. ஆனால் புரதச்சத்து தரும் உணவு பெரும்பாலும் வெளியிலிருந்தே வந்துகொண்டிருந்தது, மாட்டிறைச்சி வடக்கிலிருந்தும் உலர்மீன் நார்வேயிலிருந்தும். முற்றுகையால் இரண்டும் நின்றுபோயின. வயிறு உப்பி, கால் வீங்கி, தலைமுடி செம்பட்டையாகிப் பிள்ளைகள் செத்துக்கொண்டிருந்தார்கள். புரதக் குறைவால் வரும் இந்த நோயைக் குறிக்கும் குவாஷியோர்கர் என்ற மருத்துவச் சொல், அந்தப் பிள்ளைகளின் புகைப்படங்களின் வழியாகத்தான் பொதுமக்களிடையே பரவலாக அறிமுகமானது. ஊலி என்ற இடத்தில் ஒரு சாலையையே அகலப்படுத்தி ஓடுதளமாக்கியிருந்தார்கள். தேவாலய அமைப்புகள் சாவ் டோமே தீவிலிருந்து அனுப்பிய உணவு விமானங்கள் குண்டுவீச்சுக்கு அஞ்சி இருட்டில்தான் அங்கே இறங்கும். இறங்கும் அந்தச் சில நொடிகளுக்கு மட்டும் விளக்கு எரியும். 1970 ஜனவரியில் பையாஃப்ரா சரணடைந்தபோது இறந்தோர் தொகை பத்து லட்சத்தைத் தாண்டியிருக்கலாம் என்பது பரவலான மதிப்பீடு. அந்தப் போர் நெடுகிலும் நைஜீரிய அரசுக்கு ஆயுதம் தந்துகொண்டிருந்த நாடு பிரிட்டன்.

ஃபோர்சைத் நடுநிலையாளர் அல்லர். ஓஜுக்வூவுக்கு நண்பராக இருந்தார். 1969இல் போரைப் பற்றி அவர் வெளியிட்ட நூல் வெளிப்படையாகவே பையாஃப்ராவின் பக்கம் நின்றது. அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. எழுதுபவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று தெரிந்தால், வாசகர் அதற்கு உரியதைக் கழித்துக்கொண்டு படிப்பார். ஆனால் நீங்கள் பாராட்டும் மற்றொரு உறவை அவர் 2015இல் தன் நினைவுக் குறிப்புகளை வெளியிடும்வரை வெளியில் சொல்லவில்லை. போர் நடந்துகொண்டிருந்தபோதே பிரிட்டனின் வெளிநாட்டு உளவு அமைப்பான எம்.ஐ.6இன் அதிகாரி ஒருவர் தன்னை அணுகினார் என்றும், பத்திரிகைகளுக்குச் செய்தி அனுப்பிய அதே காலத்தில் அந்த அமைப்புக்கும் தகவல் அனுப்பினேன் என்றும், அதற்குக் கூலி எதுவும் வாங்கவில்லை என்றும், பனிப்போர்க் காலத்தின் மனநிலை வேறு என்றும் அவர் சொன்னார். குழந்தைகள் பட்டினியால் சாவதை நம்ப மறுத்த லண்டன் அதிகாரிகளுக்கு உண்மை போய்ச் சேர வேண்டும் என்ற தவிப்பும் அதில் இருந்திருக்கும். அந்தத் தவிப்பை நான் மதிக்கிறேன். ஆனாலும் பையாஃப்ரா மக்கள் அவரை நிருபர் என்று நம்பித்தானே இடம் கொடுத்தார்கள்? அவர்களுடைய எதிரிக்கு ஆயுதம் தரும் அரசின் உளவுத்துறைக்கு, அவர்கள் அறியாமல் தகவல் போனது. பிரிட்டனின் கொள்கையோ கடைசிவரை மாறவில்லை.

வள்ளுவரைத் துணைக்கு அழைத்திருக்கிறீர்கள். துறவி வேடத்தில் சென்று ஆராய்வது ஒற்றருக்கு உரியது என்று ஒற்றாடலில் அவர் சொல்வது உண்மை. அது அரசனுக்குச் சொன்னது. தவக் கோலத்துக்குள் மறைந்து தகாதது செய்பவனைப் புதரில் மறைந்து பறவை பிடிக்கும் வேடனுக்கு ஒப்பிட்டவரும் அவரே. ஒற்றர்கள் துறவி வேடம் பூணும் நாட்டில், வாசலில் வந்து நிற்கும் உண்மைத் துறவிக்கு யார் கதவு திறப்பார்கள் என்பதை ஒரு பத்திரிகை ஆசிரியனாக நான் கேட்டாக வேண்டியிருக்கிறது. 1990 மார்ச் 15 அன்று, இலண்டன் ‘அப்சர்வர்’ இதழுக்காக ஈராக்கில் ஒரு வெடிவிபத்தைப் பற்றி விசாரிக்கப் போன ஃபர்ஸாத் பஸோஃப்ட், உளவாளி என்று குற்றஞ்சாட்டப்பட்டு அங்கே தூக்கிலிடப்பட்டார். 2002இல் கராச்சியில் அமெரிக்க நிருபர் டேனியல் பெர்லைக் கடத்தியவர்களும் முதலில் சொன்ன காரணம் அவர் உளவாளி என்பதே; பிறகு அவரைக் கொன்றார்கள். 2023இல் ரஷ்யாவில் கைதான அமெரிக்க நிருபர் இவான் கெர்ஷ்கோவிச் மீதும் அதே குற்றச்சாட்டு. பதினாறு மாதங்கள் அவர் சிறையில் கழித்தார். தன் நாட்டு நிருபர்களைக் கூலிக்கு அமர்த்துவதில்லை என்று 1976இல் சி.ஐ.ஏ.வே அறிவிக்க நேர்ந்ததற்குக் காரணம், அதுவரை அமர்த்தியிருந்தது அமெரிக்க செனட் விசாரணையில் வெளிவந்ததுதான். ஒருவர் இரகசியமாகச் செய்த உதவியின் விலையை, அவரைச் சந்தித்தே இராத இன்னொரு நிருபர் வேறொரு நாட்டின் சிறையில் கொடுக்கிறார்.

ஆகவே இன்றைய நிருபர்களிடம் துணிச்சல் இல்லை என்ற உங்கள் முடிவை நான் முற்றாக மறுக்கிறேன். உளவாளி என்ற சந்தேகம் தன் மேல் விழும் என்று தெரிந்தே கையில் நோட்டுப்புத்தகத்துடன் போர்முனைக்குப் போகிறவருக்கு, எந்த உளவுத்துறையும் பின்னால் இல்லாமல் போகிறவருக்கு, ஃபோர்சைத்தைவிடக் கூடுதலான துணிச்சல் வேண்டும்.

ஃபோர்சைத் பிற்காலத்தில் தன் சாகசங்களைப் பற்றி நிறையப் பேசினார். பேட்டி எடுத்தவர்களும் அதையே கேட்டார்கள். ஆனால் 2020 ஜனவரியில், போர் முடிந்து சரியாக 50 ஆண்டுகள் ஆனபோது, 81 வயதில் அவர் ‘கார்டியன்’ நாளிதழில் ஒரு கட்டுரை எழுதினார். அது அவருடைய நாவல்களைப் பற்றியதோ, உளவு வேலையைப் பற்றியதோ அன்று. பையாஃப்ராவில் பிரிட்டன் செய்ததைப் பற்றியது.