ஃபிளாக், எம்4ஏ என்ற கோப்பு வடிவங்களில் உள்ள பாடல்கள் என் சிறிய எம்பி3 பிளேயரில் ஓடவில்லை. பெயரை எம்பி3 என்று மாற்றியும் பயனில்லை. எப்படி மாற்றுவது? தரம் குறையுமா?

கோப்பின் பெயரை மட்டும் எம்பி3 என்று மாற்றியும் ஓடவில்லை என்கிறீர்கள். ஓடாதுதான். பெயர் மாறினாலும் உள்ளே இருப்பது பழைய ஃபிளாக்கேதான். அதை வேறு வடிவில் புதிதாக எழுதித்தர ஒரு மென்பொருள் வேண்டும். ஃபூபார்2000, எஃப்எஃப்எம்பெக் இரண்டுமே இலவசம். எஃப்எஃப்எம்பெக்கில் கட்டளை அடிக்க வேண்டும்; அது பழக்கமில்லை என்றால் ஃபூபார் போதும்.

தரம் குறையுமா என்பது எதிலிருந்து மாற்றுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஃபிளாக்கில் மூல ஒலி முழுதாக இருக்கிறது, அதிலிருந்து தாராளமாக மாற்றலாம். எம்4ஏ கொஞ்சம் சிக்கல். அது வெறும் உறைதான். உள்ளே ஏஏசி என்ற சுருக்கிய ஒலி வடிவம் இருக்கலாம், எதையும் வெட்டாத ஆப்பிளின் இழப்பில்லா வடிவமும் இருக்கலாம். ஐந்து நிமிடப் பாட்டு பத்து எம்பிக்குள் இருந்தால் பெரும்பாலும் ஏஏசி. அதில் ஏற்கெனவே கொஞ்சம் ஒலியை வெட்டித்தான் சுருக்கியிருப்பார்கள். எம்பி3 ஆக்கினால் இரண்டாம் முறையும் வெட்டு விழும். அதனால் முதலில் உங்கள் பிளேயரின் கையேட்டில் ஏஏசி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த எம்4ஏ கோப்புகளைத் தொடவே வேண்டாம்.

பிட்ரேட், அதாவது ஒரு நொடி ஒலிக்குச் செலவாகும் தரவின் அளவு, 192 கிலோபிட் என்று வைத்தால் ஐந்து நிமிடப் பாட்டு சுமார் 7 எம்பி வரும். வெளியில் நடக்கும்போது கேட்க இது போதும் என்பது என் அனுபவம். இடம் இருந்தால் 256 வையுங்கள். 128இல் இருக்கும் பழைய எம்பி3யை 320 ஆக்குவதில் மட்டும் பயனே இல்லை. போன ஒலி திரும்பாது, கோப்புதான் இரண்டரை மடங்கு பெருக்கும்.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன்: மாற்றியபின் ஃபிளாக்கை அழித்துவிடாதீர்கள். இடம் மிச்சம் என்று எல்லாவற்றையும் 128 ஆக்கிவிட்டு மூலத்தை நான் அழித்தேன். பிறகு நல்ல ஹெட்ஃபோன் ஒன்றில் கேட்டபோது ஜால்ரா ஓசை தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் கலங்கிக் கேட்டது. அவற்றில் சில பதிவுகள் எனக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை. இன்றும் அது உறுத்துகிறது.

அப்புறம், மாற்றியும் ஓடாவிட்டால் சாம்பிள் ரேட்டை, அதாவது ஒலி நொடிக்கு எத்தனை முறை அளந்து பதியப்பட்டது என்பதை, பாருங்கள். சில சிறிய பிளேயர்கள் 48 கிலோஹெர்ட்ஸ் கோப்புகளை எடுக்காது, 44.1 வைத்தால் ஓடும். தமிழில் உள்ள பாட்டுப் பெயர்கள் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் பிளேயரில் தமிழ் எழுத்துரு இல்லாமல் இருக்கலாம்; பாட்டில் பழுதில்லை.