எண்டோஸ்கோபி நார்மல், வலி மட்டும் போகவில்லை: கணையத்தைப் பார்த்தீர்களா?

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மகனுக்கு 23 வயது. இரண்டு வருடமாக விட்டுவிட்டு மேல்வயிற்றில் வலி, சாப்பிட்டபின் கூடுகிறது, முதுகுக்குப் பாய்கிறது. கேஸ் மாத்திரை போட்டுக்கொண்டே இருக்கிறான். எண்டோஸ்கோபியில் ஒன்றுமில்லை என்றார்கள், ஆனால் உடம்பு எட்டு கிலோ இறங்கிவிட்டது. மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீன்கறியும்தான் காரணமா, திருவனந்தபுரம் கூட்டிப்போய் மறுபடி எண்டோஸ்கோபி எடுக்கலாமா என்பது கேள்வி.

திருவனந்தபுரம் போங்கள், நாகர்கோவில் போங்கள், எங்கே போனாலும் சரி, அதே எண்டோஸ்கோபியைத் திரும்ப எடுக்கத்தான் காசைச் செலவழிக்க வேண்டாம். அந்தக் குழாய் உணவுக்குழாய், இரைப்பை, சிறுகுடலின் தொடக்கம், இவற்றின் உள்பக்கத்தைத்தான் பார்க்கும். கணையம் இரைப்பைக்குப் பின்னால் முதுகெலும்பை ஒட்டிப் படுத்திருக்கிறது, அது அந்தக் கேமராவுக்குத் தெரியவே தெரியாது. வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேனிலும் நடுவில் குடல் காற்று மறைத்தால் தப்பிவிடும்.

அவனிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். வலி வரும்போது முட்டியைக் கட்டிக்கொண்டு முன்னால் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் குறைகிறதா? மலம் வெளுத்து, நாற்றமாக, தண்ணீர் ஊற்றினாலும் கிளாசெட்டில் ஒட்டிக்கொண்டு, மேலே எண்ணெய்ப்படலம் மிதக்கிறதா? இதைக் கேட்கக் கூச்சப்படுவோம், டாக்டரிடம் சொல்லவும் மாட்டோம். ஆனால் கொழுப்பைச் செரிக்கும் நீர் கணையத்திலிருந்து போதுமான அளவு வரவில்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வீட்டில் கிடைக்காது. இரண்டும் இருந்தால் நாள்பட்ட கணைய அழற்சி என்ற சந்தேகம்தான் எனக்கு முதலில் வரும்.

கேரளத்தில் 1960-களிலேயே டாக்டர் கீவர்கீஸ் இதை விரிவாகப் பதிவு செய்தார்: குடிப்பழக்கமே இல்லாத இளம் வயதினருக்குக் கணையக் குழாயில் பெரிய பெரிய கற்கள், வயிற்றுவலி, பின்னாலேயே சர்க்கரை. சில பேருக்குச் சாதாரண வயிற்று எக்ஸ்ரேயிலேயே கல் தெரியும்.

அதனால் கேட்க வேண்டியது சி.டி. ஸ்கேன், தேவைப்பட்டால் எம்.ஆர்.சி.பி. (கணையக் குழாயையும் பித்தக்குழாயையும் காட்டும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன்). அத்துடன் வெறும் வயிற்றுச் சர்க்கரை, ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி), மலத்தில் எலாஸ்டேஸ் என்ற கணைய என்சைமின் அளவு. எலாஸ்டேஸ் 200-க்குக் கீழே வந்தால் கணைய நீர் குறைவு என்று சந்தேகிக்கலாம், ஆனால் பேதியாகும் நாளில் மாதிரி கொடுத்தால் கணக்கு தப்பும். ரத்தத்தில் அமிலேஸ், லைபேஸ் என்ற கணைய என்சைம்கள் நார்மல் என்று யாராவது திருப்பி அனுப்பினால் ஏற்காதீர்கள்: நாள்பட்ட நோயில் அவை நார்மலாகவே இருக்கலாம். குடியும் சிகரெட்டும் உண்டா என்பதை டாக்டர் அவனைத் தனியாகக் கேட்கட்டும், அம்மா பக்கத்தில் நின்றால் எந்தப் பையனும் வாயைத் திறக்க மாட்டான். உண்டென்றால் இரண்டையும் நிறுத்தியே ஆக வேண்டும்.

கணையம்தான் என்று உறுதியானால் செரிமானத்துக்கான என்சைம் காப்ஸ்யூல் எழுதுவார்கள். பலர் அதை வெறும் வயிற்றில் போட்டுவிட்டு அரைமணி கழித்துச் சாப்பிடுவார்கள், பிரயோஜனமே இல்லை. முதல் கவளத்தோடு விழுங்க வேண்டும். பன்றியின் கணையத்திலிருந்து எடுப்பது, உங்கள் வீட்டில் அது பிரச்சினை என்றால் டாக்டரிடம் முன்பே பேசிவிடுங்கள். குழாயைக் கல் அடைத்திருந்தால் அதை உடைத்து எடுக்கவும் வழி உண்டு. வாந்தியோடு வலி விடாமல் நின்றாலோ கண் மஞ்சளித்தாலோ மட்டும் அப்பாயின்ட்மென்ட் பார்க்காமல் அன்றே ஓடுங்கள்.

அப்புறம் மரச்சீனி. அதிலிருந்து வரும் சயனைடுதான் காரணம் என்று ஒரு காலத்தில் பலமாகச் சந்தேகித்தார்கள். ஆனால் மரச்சீனியே தொடாத ஊர்களிலும் இந்த நோய் இருக்கிறது, இப்போது ஸ்பிங்க்1 (SPINK1) போன்ற மரபணு மாற்றங்களைத்தான் அதிகம் பேசுகிறார்கள். கிழங்கைத் தோல் சீவி, துண்டாக்கி, மூடாமல் வேகவைத்து, நீங்கள் வழக்கமாகச் செய்வதுபோல அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் போதும், எப்போதாவது சாப்பிடலாம். சர்க்கரை இருந்தால் அளவு குறையும். மீன்கறியை ஏன் நிறுத்த வேண்டும்? உடம்பு இறங்கியவனுக்குப் புரதம் வேண்டாமா? பொரித்த மீனை மட்டும் இப்போதைக்குத் தள்ளிவையுங்கள்.