ஹீமோகுளோபின் சரி, பிறகு ஏன் இரும்புச்சத்து பார்க்க வேண்டும்?

யாழ்ப்பாணத்திலிருந்து கேட்டிருந்தீர்கள்: அப்பாவுக்கு இதயச் செயலிழப்பு, ஹீமோகுளோபின் 13.5, ஆனாலும் கிணற்றடிக்குப் போய் வந்தாலே களைக்கிறார், ஏன் என்று.

ஹீமோகுளோபின் சரியென்றால் இரும்பும் சரி என்று நினைத்துவிடாதீர்கள். இதயத் தசைக்கும் கால் தசைக்கும் சக்தி உண்டாக்க இரும்பு வேண்டும். அது குறைந்தால் இரத்தச்சோகை வருமுன்பே மூச்சு வாங்கும். இதயச் செயலிழப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்தக் குறை உண்டு.

பெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), டிரான்ஸ்ஃபெரின் செறிவு (இரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதத்தில் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்பது) இரண்டையும் இரத்தப் பரிசோதனையில் பார்க்கச் சொல்லி டொக்டரிடம் கேளுங்கள். பெரிட்டின் 100க்குக் கீழே, அல்லது 100 முதல் 299 வரை இருந்து செறிவு 20 சதவீதத்துக்குக் கீழே என்றால் குறைபாடு என்றே எடுப்பார்கள். மற்றவர்களுக்குப் பெரிட்டின் 80 இருந்தாலே போதும். ஆனால் இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு உடம்பின் அழற்சி பெரிட்டினைக் கூட்டிக் காட்டும்.

முருங்கையிலை வறை நல்லது, சாப்பிடட்டும். ஆனால் அதுவும் மாத்திரையும் இங்கே பெரிதாக உதவுவதில்லை. ஹெப்சிடின் என்ற ஹோர்மோன் குடலிலேயே இரும்பை மறித்துவிடும். அதனால்தான் இதயம் சுருங்கும் வலு குறைந்தவர்களுக்கு நாளம் வழியாக ஏற்றுகிறார்கள்.

அப்புறம், அப்பா அஸ்பிரின் எடுக்கிறாரா? அது வயிற்றில் இரத்தம் கசியச் செய்து இரும்பைக் குறைக்கலாம். மலம் கறுப்பாகப் போகிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். போனால் அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.