பெட்டியில் வந்த அக்லோனிமா: இலையை விடுங்கள், தண்டைப் பாருங்கள்

மதுரை திருநகரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “சிவப்பு ஓரம் போட்ட ‘லிப்ஸ்டிக்’ அக்லோனிமா செடி ஒன்றை மேற்கு வங்க மலையூரான காலிம்போங் பக்கமிருந்து ஆன்லைனில் வரவழைத்தேன். பொங்கலுக்கு முந்தின வாரம், ஆறு நாள் பயணம். பிரித்தபோது கொஞ்சம் வாடியிருந்ததே தவிர நன்றாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் இலைகளில் சாம்பல் திட்டுகள், வெந்த கீரை மாதிரி. என் மாமியார் அரிசி களைந்த தண்ணீர் ஊற்றச் சொல்கிறார். வீட்டுக்காரர் மொட்டை மாடி வெயிலில் வைக்கச் சொல்கிறார். பிழைக்குமா?”

பெரும்பாலும் பிழைக்கும். ஆனால் இரண்டு யோசனையையும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். வீட்டில் கேட்டால் என் மேல் பழியைப் போட்டுவிடுங்கள்.

இது குளிர் அடித்த செடி. மதுரையில் தை மாத இரவுகூட 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், இங்கே ஏது குளிர் என்று தோன்றும். அடி வாங்கியது இங்கே இல்லை. ஜனவரியில் வடக்கே லாரியிலும் கிடங்கிலும் பெட்டி கிடந்த இரவுகளில் 10 டிகிரிக்குக் கீழே போயிருக்கும். அக்லோனிமா வெப்பக்காட்டுச் செடி. சுமார் 13 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே அதற்கு ஆகாது. பனிக்கட்டி உறையும் அளவு குளிர்கூட வேண்டியதில்லை.

மார்கழி காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டில் கட்டியாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். செடியின் ஒவ்வொரு செல்லையும் சுற்றியிருக்கும் சவ்வும் கொழுப்பால் ஆனதுதான். குளிரில் அது விறைத்துப்போய், உள்ளே இருக்கும் நீரைப் பிடித்துவைக்க முடியாமல் கசிய விடுகிறது. சூட்டுக்குத் திரும்பிய பிறகுதான் சேதம் கண்ணில் படும். அதனால்தான் உங்கள் செடி இரண்டு நாள் நல்லபடியாக இருந்து ஏமாற்றியது. ஃப்ரிட்ஜில் வைத்த வாழைப்பழத் தோல் கறுப்பதும் இதே சங்கதி.

வேறு கோளாறாக இருக்குமோ என்று சந்தேகம் வந்தால், திட்டு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். குளிர்த் திட்டு எண்ணெய் பட்ட காகிதம் போலப் பளபளப்பாக, பெட்டியின் சுவரில் ஒட்டிக் கிடந்த பக்கத்தில் அதிகமாக இருக்கும். அடி இலை மட்டும் சீராக மஞ்சளாகியிருந்தால் அது இருட்டில் கிடந்த களைப்பு, பயமில்லை. துர்நாற்றம் வந்தால் அழுகல்.

இலையைப் பார்த்துக் கவலைப்படுவதால் பயனில்லை. கறுத்த இடம் திரும்பப் பச்சையாகாது. செடியின் உயிர் தண்டிலும் வேரிலும் இருக்கிறது. தண்டை மண்ணை ஒட்டிய இடத்தில் இரண்டு விரலால் அழுத்துங்கள். கல் மாதிரி கெட்டியாக இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. பிறகு நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே ஈரப்பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது, பழுப்பாகக் கொழகொழத்தால் அந்த இடம் போய்விட்டது. கடைசியாக வேர். வெளுப்பாக, உறுதியாக இருக்க வேண்டும். அழுகின வேரை இழுத்தால் மேல்தோல் உறை மாதிரி உருவிக்கொண்டு வரும், நூல் மட்டும் கையில் நிற்கும். அப்படிப்பட்டதை வெட்டி எறிந்துவிடுங்கள்.

இலையை வெட்டுவதில் அவசரம் வேண்டாம். சேதம் ஒரு வாரம் வரைக்கும் பரவும், அதன் பிறகுதான் எல்லை தெளிவாகத் தெரியும். முழுக்கக் கறுத்து நீர்விட்ட இலையை மட்டும் சானிடைசரால் துடைத்த கத்தரியால் எடுங்கள். பாதி பச்சை இருக்கிற இலை பார்க்க அசிங்கமாக இருந்தாலும் இருக்கட்டும், செடிக்குச் சோறு போடுவது அதுதான். வெட்டிய இடத்தில் கசியும் சாறு பட்டால் கை அரிக்கும், வாயில் பட்டால் இன்னும் மோசம். குழந்தையும் பூனையும் இருக்கிற வீடு என்றால் வெட்டிப்போட்டதை உடனே அப்புறப்படுத்துங்கள்.

இனி தண்ணீர். குளிர் அடித்த செடிகளில் பாதியைக் கொல்வது அதற்குப் பிறகு நாம் காட்டும் பாசம்தான். நானே ஒரு கலாத்தியா செடியை அப்படி முடித்திருக்கிறேன்: வாடித் தொங்கியதைப் பார்த்துப் பதறி தினமும் ஒரு சொம்பு ஊற்றினேன், பத்தாம் நாள் தூக்கினால் தண்டு தனியே வந்தது. வேர் குடிக்க முடியாத நிலையில் இருக்கும்போது ஊற்றும் நீர் மண்ணில் நின்று அழுகலுக்குத்தான் உதவும். பெட்டிச் செடிகள் பெரும்பாலும் தென்னை நார்க்கழிவில் வரும், அது மேலே காய்ந்து உள்ளே சொதசொதவென்று இருக்கும். விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். அங்கேயும் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் மழைநீரோ குழாய்த் தண்ணீரோ மேல்.

உரம் கூடாது. கழனித்தண்ணீர், மீன் அமிலம், டீத்தூள், எல்லாம் புது இலை இரண்டு வரட்டும், பிறகு பார்க்கலாம். தொட்டி மாற்றுவதும் வேரில் அழுகல் கண்டால் மட்டும்.

வெயில் அறவே வேண்டாம். குளிரில் அடிபட்ட இலையின் மேல் மதுரை வெயில் பட்டால் ஒரே பகலில் தீய்ந்துவிடும். கிழக்கு ஜன்னலிலிருந்து இரண்டடி உள்ளே, ஏசி காற்று நேராகப் படாத இடம். செடி மிகவும் துவண்டிருந்தால் தெளிவான பாலித்தீன் பையைக் கூடாரம் போலக் கவிழ்த்து, காலையில் சற்று நேரம் திறந்து விடுங்கள்.

தண்டின் அடி கொழகொழத்து மேல்பகுதி மட்டும் கெட்டியாக இருந்தால், நல்ல சதை வெளுப்பாகத் தெரியும் இடம் வரை வெட்டுங்கள். வெட்டுவாய் அரை நாள் ஆறட்டும். பிறகு கண்ணாடி டம்ளரில் தண்டின் ஒரு கணு மூழ்கும் அளவு தண்ணீரில் நிறுத்துங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றினால் போதும், அக்லோனிமா எளிதில் வேர்விடும் ஜாதி.

அடுத்த முறை வடக்கிலிருந்து வரவழைப்பதானால் மாசி பாதி கழிந்த பிறகு ஆர்டர் போடுங்கள். சித்திரை வரை தள்ளினால் பெட்டிக்குள் வெந்துவிடும்.

ஐந்தாறு வாரத்தில் நடுக்குருத்து ஒன்று சுருட்டிய பேப்பர் மாதிரி எழும்பும். முதல் இலை சிறியதாக, சிவப்பே இல்லாமல் வெளிறி வந்தாலும் பதற வேண்டாம். லிப்ஸ்டிக் ஓரம் இரண்டாவது, மூன்றாவது இலையில் வரும்.