எந்தத் தொழிற்சாலையின் டி-34? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். இரண்டாம் உலகப் போரின் சோவியத் டாங்கியான டி-34-ன் 76 மி.மீ. பீரங்கி ரகத்துக்கு (டி-34/76) 1/35 அளவில், அதாவது நிஜத்தில் 35-ல் ஒரு பங்காக, ஒட்டிச் செய்யும் புதிய பிளாஸ்டிக் மாடல் கிட் வரப்போகிறது, கணினிப் படங்கள் வெளியாகிவிட்டன, வாங்கலாமா, காத்திருக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: முன்பணம் கட்டினால் முதல் லாட்டிலேயே தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார். கட்டலாமா?

வேண்டாம். இதுவரை வந்திருப்பது திரையில் வரைந்த படம் மட்டும்தான். அதில் வெல்டிங் கோடும் போல்ட் தலையும் எப்போதும் அழகாகத்தான் இருக்கும். அச்சை வெட்டி, அதிலிருந்து முதல் பிளாஸ்டிக் வெளியே வந்த பிறகுதான் கிட்டின் முகம் தெரியும். சில வருடங்களுக்கு முன் நான் முழுப் பணத்தையும் கட்டி எட்டு மாதம் காத்திருந்தேன். வந்த கிட்டில் டரட்டின் (பீரங்கியோடு சுழலும் மேல்கூட்டின்) மேல்பாதியும் கீழ்பாதியும் ஒரு மில்லிமீட்டர் விலகி நின்றன. அரத்தாலும் புட்டியாலும் அதைச் சரிசெய்யவே ஒரு வாரம் போனது. அச்சிலிருந்து வந்த ஸ்ப்ரூவின் (பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தின்) படம் வரட்டும், யாராவது ஒருவர் ஒட்டிப் பார்த்துச் சொல்லட்டும். அதற்கு அப்புறம் பணத்தைக் கொடுங்கள். டி-34 கிட் கிடைக்காமல் போய்விடும் என்ற பயமே வேண்டாம். 1970களில் வந்த ஜப்பானின் தமியா கம்பெனி கிட்டே இன்னும் நம் கைக்குக் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது.

கேள்வி: சார், டி-34 கிட்டில் எது பெஸ்ட்?

எந்த அளவில்? 1/35-ஆ, 1/48-ஆ, 1/72-ஆ? 76 மில்லிமீட்டர் பீரங்கி வைத்ததா, 85-ஆ? உள்பாகங்கள் வேண்டுமா? இது உங்களுக்கு முதல் கிட்டா, இருபதாவதா? ஒரு வரிக் கேள்விக்கு என்னால் உருப்படியான பதில் தர முடியாது. போன முறையும் இதையேதான் சொன்னேன். அளவு, ரகம், உங்கள் அனுபவம் மூன்றையும் எழுதி அனுப்புங்கள், பதில் உண்டு.

கேள்வி: டி-34 என்பதில் 'டி' எதைக் குறிக்கிறது?

டாங்கி. அவ்வளவுதான்.

கேள்வி: 85 ரகத்தின் டரட் ஒன்று என்னிடம் உதிரியாகக் கிடக்கிறது. புது கிட்டின் 76 உடலில் அதை உட்கார வைக்கலாமா?

உட்காராது. டரட் வளையத்தின் விட்டம் 76 ரகத்தில் 1,420 மி.மீ., 85-க்கு அதை 1,600 ஆக்கினார்கள். 1/35-ல் அது 5 மி.மீ. வித்தியாசம். உடலின் மேல்தட்டை வெட்டி எடுத்து வேறு தட்டு வைக்க வேண்டியிருக்கும். அந்த உழைப்புக்கு 85 கிட்டையே வாங்கிவிடலாம்.

கேள்வி: 'மாடல் 1942' என்று பெட்டியிலேயே போட்டிருக்கிறார்கள். அது போதாதா? எதற்கெடுத்தாலும் எந்தத் தொழிற்சாலை என்று கேட்கிறீர்களே. வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்றில் நானே சுற்றிச் சுற்றி எடுத்த படங்கள் இருக்கின்றன. அவற்றை வைத்துச் செய்தால் என்ன தப்பு?

போதாது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

'மாடல் 1941', 'மாடல் 1942' என்ற பெயர்களெல்லாம் வெளியில் இருந்தவர்கள் வகைப்படுத்த வைத்தவை. சோவியத் படைக்கு அது வெறும் டி-34. இந்த டாங்கியைப் பொறுத்தவரை அது எந்த வருடம் வந்தது என்பதைவிட எங்கே பிறந்தது என்பதுதான் முக்கியம். மிகைல் கோஷ்கின் தலைமையில் ஹார்கிவில் 183-ஆம் எண் தொழிற்சாலையில் உருவானது. 1940 மார்ச்சில் மாதிரி வண்டிகளை அங்கிருந்து மாஸ்கோ வரை ஓட்டியே கொண்டுபோனார்கள். அந்தக் குளிரில் நிமோனியா பிடித்து அதே வருடம் செப்டம்பரில் கோஷ்கின் இறந்தார். 1941-ல் ஜெர்மன் படை நெருங்கியதும் தொழிற்சாலையையே பெயர்த்து யூரல் மலைப் பக்கம் நிஸ்னி தாகிலுக்குக் கொண்டுபோய், டிசம்பரிலேயே அங்கு டாங்கி செய்யத் தொடங்கிவிட்டார்கள். அதோடு ஸ்டாலின்கிராட் டிராக்டர் தொழிற்சாலை, கார்க்கி நகரத்தின் 112-ஆம் எண் தொழிற்சாலை, ஓம்ஸ்கின் 174-ஆம் எண் தொழிற்சாலை, செல்யாபின்ஸ்க், ஸ்வெர்த்லோவ்ஸ்கின் யூரல்மாஷ் என ஆறு இடங்களில் இதே டாங்கி உருவானது. 76 ரகம் மட்டும் சுமார் 35,000.

ஆறு இடமும் ஒரே வரைபடத்தை வைத்திருந்தாலும் கையில் கிடைத்த பொருளைக் கொண்டுதான் செய்தன. ரப்பர் தட்டுப்பாடு வந்தபோது சில தொழிற்சாலைகள் சக்கரத்தில் ரப்பரை விட்டுவிட்டு இரும்பு விளிம்போடு அனுப்பின. வண்டி சத்தம் போட்டது, அதிர்ந்தது. அதனால் முதல் சக்கரத்துக்கும் கடைசிச் சக்கரத்துக்கும் மட்டும் ரப்பர் போட்டார்கள். ஸ்டாலின்கிராட் வண்டிகளில் உடல் தகடுகளை விரல் கோத்த மாதிரி பிணைத்து வெல்டிங் செய்திருப்பார்கள். 112-ல் வந்த வண்டிகளின் பக்கவாட்டில், மேலே ஏறி வரும் காலாட்படையினர் பிடித்துக்கொள்ள நீளமான கைப்பிடிகள் இருக்கும். யூரல்மாஷ் சில வண்டிகளுக்கு டரட்டை வார்க்காமல் பெரிய பிரஸ்ஸில் அழுத்தி எடுத்தது. அதன் தோளைப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். 1942-ல் நிஸ்னி தாகிலில் அறுகோண டரட் வந்துவிட்டது. அதே சமயம் 112-ல் பழைய டரட்தான் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது சொல்லுங்கள், 'மாடல் 1942' என்றால் எது?

சில கிட் கம்பெனிகள் இந்தத் தொழிற்சாலையிலிருந்து டரட், அந்தத் தொழிற்சாலையிலிருந்து சக்கரம், இன்னொன்றிலிருந்து பின்பக்கத் தகடு என்று எடுத்து ஒன்றாக அடைத்துப் பெட்டிமேல் வருடத்தை எழுதிவிடுகின்றன. அப்படி ஒரு வண்டி எந்தத் தொழிற்சாலையிலிருந்தும் வெளியே வந்ததில்லை. மினிஆர்ட் போன்றவர்கள் '112-ஆம் தொழிற்சாலை, 1944 வசந்தம்' என்று பெட்டியிலேயே போட்டு 85 ரகத்தைக் கொடுத்ததை நான் திரும்பத் திரும்பப் பாராட்டுவது அதனால்தான்.

அடுத்து உங்கள் அருங்காட்சியகப் படம். போர் முடிந்த பிறகும் இந்த டாங்கிகள் பல வருடம் வேலையில் இருந்தன. பழுது பார்த்தார்கள், பாகம் மாற்றினார்கள். 1960களில் நடந்த புதுப்பித்தலில் பின்னால் வந்த டி-55 டாங்கியின் நட்சத்திரமீன் சக்கரத்தைக்கூட மாட்டினார்கள். இன்று பீடத்தின் மேல் நிற்கும் பல டி-34-களில் நீங்கள் பார்ப்பது போருக்குப் பிந்தைய சக்கரம், போருக்குப் பிந்தைய எண்ணெய் டப்பா, மேலே பத்து பூச்சு பெயிண்ட். அதைப் படம் எடுத்து, அளந்து, 1942 என்று செய்தால் தப்புதான். கிட் கம்பெனிகளே இந்தத் தப்பைச் செய்திருக்கின்றன. நேரில் பார்த்து அளந்தோம் என்று அவர்கள் பெருமையாகச் சொல்லும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. போர்க்காலத்தில் எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைப் படம், கொஞ்சம் மங்கலாக இருந்தாலும், நூறு வண்ணப் படங்களுக்குச் சமம்.

விதிவிலக்கு இருக்கிறது. 1942-ல் சோவியத் அரசே ஆராய்ந்து பார்க்கச் சொல்லி ஒரு டி-34-ஐயும் ஒரு கேவி-1 கனரக டாங்கியையும் அமெரிக்காவின் அபர்டீன் சோதனைத் தளத்துக்கு அனுப்பியது. அங்கே அப்போது எடுத்த படங்களை நம்பலாம்.

ஆகவே முதலில் ஒரு படத்தைத் தேர்ந்தெடுங்கள். அது எந்தத் தொழிற்சாலை வண்டி என்று கண்டுபிடியுங்கள். அதற்குப் பொருந்தும் கிட்டை அப்புறம் தேடுங்கள். புதிய கிட்டின் அறிவிப்பில் தொழிற்சாலையின் பெயரே இல்லை. என் சந்தேகம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

கேள்வி: ஆவடியில் தயாரான சோவியத் டாங்கி விஜயந்தாவைச் செய்ய ஆசை. இந்தப் புது கிட்டை மாற்றி அமைக்க முடியுமா?

விஜயந்தா சோவியத் டாங்கி அல்ல. பிரிட்டனின் விக்கர்ஸ் வடிவமைப்பு அது. டி-34-க்கும் அதற்கும் ஒரு போல்ட்கூடப் பொதுவில்லை. கடிதம் எழுதும் முன் இரண்டு படங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். ஆவடியில் தயாரான சோவியத் டாங்கிதான் வேண்டும் என்றால் டி-72. நம் படையில் அதன் பெயர் அஜேயா. 1971 போர்தான் உங்கள் ஆர்வம் என்றால் டி-55 அல்லது பிடி-76 எடுங்கள். நீரிலும் ஓடும் பிடி-76-தான் இன்றைய பங்களாதேஷின் கரீப்பூரில் பாகிஸ்தானின் சாஃபி டாங்கிகளை எதிர்கொண்டது. நேரில் பார்க்க அகமத்நகர் (இப்போது அகில்யாநகர்) டாங்கி அருங்காட்சியகம் போய் வாருங்கள்.

கேள்வி: ட்ராக் (சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டை) எது நல்லது? வினைல் ட்ராக்கா, ஒவ்வொரு கண்ணியாகக் கோக்கும் ட்ராக்கா? புது கிட்டில் இரண்டும் வரும் என்கிறார்கள்.

டி-34-க்கு ட்ராக்கை மேலே தாங்கும் உருளை கிடையாது. ட்ராக்கின் மேல்பகுதி நேராகச் சக்கரங்களின் மேலேயே படுத்துக் கிடக்கும், சக்கரத்துக்குச் சக்கரம் லேசாகத் தொய்யும். வினைல் ரப்பர் போல விறைத்து மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். அந்தத் தொய்வு இல்லாமல் டி-34 டி-34 மாதிரியே இருக்காது. இரண்டு பக்கமும் சேர்த்து 150 கண்ணிக்குப் பக்கம் வரும். இரண்டு சாயங்காலம் உட்கார்ந்தால் முடிந்துவிடும். உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்பு உள்ளது ஒன்று, இல்லாதது ஒன்று என்று மாறி மாறி வர வேண்டும். பசை அரைகுறையாகக் காய்ந்திருக்கும்போதே சக்கரத்தின் மேல் வளைத்துப் படுக்க வையுங்கள்.

வினைலில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. சில வினைல் ட்ராக்குகளில் உள்ள மென்மையாக்கி பல வருடத்தில் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் சக்கரத்தை உருக்கிவிடும். என் அலமாரியில் இருந்த ஒரு கேவி-யின் சக்கரங்கள் இப்படித்தான் போயின. வினைல்தான் போடுவேன் என்றால் சக்கரத்தின் விளிம்பில் பெயிண்ட் அடிக்காமல் மாட்டாதீர்கள்.

கேள்வி: உள்பாகங்களோடு வரும் பதிப்புக்கு இன்னும் கொஞ்சம் காத்திருக்கலாமா?

கதவுகளைத் திறந்து காட்டப்போகிறீர்களா? ஆம் என்றால் காத்திருங்கள். மூடி ஒட்டப்போகிறீர்கள் என்றால் அந்தப் பணத்தில் இன்னொரு கிட் வாங்குங்கள்.

கேள்வி: என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. அவளுடைய முதல் டாங்கியாக இது சரிப்படுமா?

டி-34 முதல் டாங்கிக்கு மிக நல்ல தேர்வு. பக்கத்துக்கு ஐந்து பெரிய சக்கரம், தட்டையான சரிவுத் தகடுகள், சிக்கல் குறைவு. ஆனால் இந்தப் புது கிட் வேண்டாம். நூற்றுக்கணக்கான துண்டுகளும் பித்தளைத் தகடுகளும் குழந்தையைச் சலிப்படைய வைக்கும். தமியாவின் பழைய கிட் அல்லது 1/48 கிட் ஒன்று வாங்கிக் கொடுங்கள். எதையும் பசை போடாமல் ஒருமுறை பொருத்திப் பார்த்த பிறகே ஒட்ட வேண்டும் என்று முதல் நாளே சொல்லிக்கொடுங்கள். பெரியவர்களுக்கும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஜன்னலைத் திறந்து வையுங்கள். பசையின் வாடை குழந்தைக்கும் ஆகாது, உங்களுக்கும் ஆகாது.

கேள்வி: சோவியத் டாங்கிகளுக்கு அடித்த 4பிஓ பச்சை எந்த பாட்டிலில் துல்லியமாக இருக்கிறது? சென்னையில் லேக்கர் பெயிண்ட் அடித்தால் வெள்ளையாகப் படிகிறது.

துல்லியமான பாட்டில் என்று ஒன்று இல்லை. தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை, மாதத்துக்கு மாதம் அந்தப் பச்சை மாறியது. வெயிலிலும் மழையிலும் இன்னும் மாறியது. பச்சையும் கொஞ்சம் மஞ்சளும் சேர்ந்த ஆலிவ் நிறமாக இருந்தால் சரி. சின்ன மாடலில் நிறம் இருட்டாகத் தெரியும், அதனால் ஒரு படி வெளிறியே அடியுங்கள்.

வெள்ளையாகப் படிவது காற்றின் ஈரத்தால். லேக்கர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, ஈரம் அதில் படிந்துவிடுகிறது. ஐப்பசி கார்த்திகை மழையில் லேக்கரைத் தொடாதீர்கள். அடித்தே ஆக வேண்டும் என்றால் ரிடார்டர் கலந்த தின்னர் போடுங்கள், காய்வது மெதுவாகும். மாஸ்க் இல்லாமல் ஏர்பிரஷ்ஷை எடுக்காதீர்கள். துணி மாஸ்க் போதாது, கரி வடிகட்டி வைத்ததுதான் வேண்டும்.

கேள்வி: பனிக்கால வெள்ளை பூசிய டி-34 செய்ய நினைக்கிறேன். வெள்ளை பெயிண்ட்டை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்தால் போதுமா?

போதாது, சுண்ணாம்பு பூசிய சுவர் மாதிரி ஆகிவிடும். போர்முனையில் வாளியில் கரைத்து விளக்குமாற்றாலும் பிரஷ்ஷாலும் அவசரமாக அடித்த வெள்ளை அது. மழை, பனி, ஏறி இறங்கும் பூட்ஸ் எல்லாம் அதைக் கரைத்துவிடும். பச்சை நன்றாகக் காய்ந்ததும் மேலே ஹேர்ஸ்பிரே அடியுங்கள். அது காய்ந்தபின் அக்ரிலிக் வெள்ளையை மெல்லியதாக, ஒரே சீராக இல்லாமல் அடியுங்கள். அரை மணி நேரத்துக்குள் தண்ணீர் தொட்ட பிரஷ்ஷால் தேய்த்தால் வெள்ளை உரிந்து பச்சை தெரியும். டிரைவரின் கதவைச் சுற்றியும், டரட் கைப்பிடிக்குக் கீழும், ஆட்கள் ஏறும் பக்கமும் அதிகமாக உரியுங்கள். டரட்டின் மேல்பகுதியிலும் பக்கவாட்டின் பின்பாதியிலும் வெள்ளையை அப்படியே விட்டுவிடுங்கள். முதலில் ஒரு பழைய பிளாஸ்டிக் துண்டில் பழகிப் பார்த்துவிட்டு மாடலுக்கு வாருங்கள்.