டிப்ஸ் பணத்துக்கு வருமான வரி உண்டா?

கேள்வி: வீடு கம்பத்தில், வேலை குமுளியில் ஒரு தங்கும் விடுதியின் உணவகத்தில், பரிமாறும் பணி. மாதச் சம்பளம் 22,000 ரூபாய். டிப்ஸாகச் சராசரியாக 12,000 ரூபாய் வருகிறது. பாதி ரொக்கம், பாதி ஜிபே. அமெரிக்காவில் டிப்ஸுக்கு வரி இல்லை என்று விருந்தினர் ஒருவர் சொன்னார். இங்கும் விலக்கு தர வேண்டாமா? நான் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டுமா?

பதில்: நம் சட்டப்படி டிப்ஸ் வரிக்குரிய வருமானமே. ஆனால் உங்களுக்கு வரி ஏதும் வராது. ஆண்டுச் சம்பளம் 2,64,000 ரூபாயில் நிலையான கழிவு 75,000 போக 1,89,000. அதனுடன் டிப்ஸ் 1,44,000 சேர்ந்தால் 3,33,000 ரூபாய். புதிய வரி முறையில் 4 லட்சம் வரை வரியும் இல்லை, பொதுவாகக் கணக்குத் தாக்கல் செய்யும் கட்டாயமும் இல்லை. 4 லட்சத்தைத் தாண்டினால் தாக்கல் செய்ய வேண்டும்; 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் அப்போதும் வரி கட்ட வேண்டியிராது.

டிப்ஸ் சம்பளமாகாது என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் ஐ.டி.சி. நிறுவனத்தின் வழக்கில் தீர்ப்பளித்தது. கார்டில் வந்த டிப்ஸை நிர்வாகம் பிரித்துக் கொடுத்தாலும் அது விருந்தினர் தந்த பணமே என்பதால், ஊழியரின் கையில் அது 'பிற வருமானம்' ஆகும். ஆகவே நிலையான கழிவைச் சம்பளத்தில் மட்டுமே கழிக்கலாம். 50,000 ரூபாய் வரையிலான அன்பளிப்புக்கு வரி இல்லை என்ற விதியை டிப்ஸுக்குப் பொருத்திச் சொல்பவர்கள் உண்டு. கைம்மாறின்றி வரும் பணத்துக்கான விதி அது, பரிமாறிய கைக்குக் கிடைக்கும் பணத்துக்கு அதை நம்பியிருக்க முடியாது.

உங்கள் விருந்தினர் சொன்னது பாதி உண்மை. அமெரிக்காவில் 2025 ஜூலை 4-இல் கையெழுத்தான சட்டம், 2025 முதல் 2028 வரை ஆண்டுக்கு 25,000 டாலர் வரையிலான டிப்ஸை மத்திய வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ள இடமளிக்கிறது. சமூகப் பாதுகாப்புப் பிடித்தம் அப்படியே தொடர்கிறது. டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு முதலாளி நேரடியாகத் தர வேண்டிய குறைந்தபட்சக் கூலியை அங்கே மத்தியச் சட்டம் 1991 முதல் மணிக்கு 2.13 டாலரிலேயே நிறுத்தி வைத்திருப்பதால், அங்கு டிப்ஸே பிழைப்பு.

இங்கு விலக்கு வந்தால் உங்கள் கைக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாக வராது. பயன் 12 லட்சத்துக்கு மேல் ஈட்டுபவருக்குத்தான். மாறாக, சம்பளத்தை ஏற்றாமல் டிப்ஸைக் காட்டிச் சமாளிக்கும் நிர்வாகங்களுக்கு அது வசதியாகிவிடும் என்பது என் கருத்து. டிப்ஸுக்கு வருங்கால வைப்பு நிதியும் இல்லை, பணிக்கொடையும் இல்லை. மூணாறு, தேக்கடி போன்ற, சீசனை நம்பிய ஊர்களில் மழை மாதங்களில் டிப்ஸ் வற்றிவிடும் என்பது உங்களுக்கே தெரியும்; அந்த மாதங்களில் கைகொடுப்பது அடிப்படைச் சம்பளம்தான் என்பதால், கேட்க வேண்டியது அதன் உயர்வை.

கட்டாயம் இல்லாவிட்டாலும் ஐ.டி.ஆர்.-1 என்ற வருமான வரிக் கணக்குப் படிவத்தில் தாக்கல் செய்யுங்கள் என்றே சொல்வேன். சம்பளச் சீட்டில் டிப்ஸ் இராது; வீட்டுக் கடனோ வாகனக் கடனோ கேட்கும்போது அந்த 1,44,000 ரூபாயைக் காட்ட உங்களிடம் இருக்கக்கூடிய நல்ல சான்று தாக்கல் செய்த கணக்குதான். ரொக்கத்தைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். ஜிபே தொகைக்கு வங்கிக் கணக்கே சான்று.

பில்லில் சேவைக் கட்டணம் என்று விடுதி வசூலிப்பது வேறு. அது விடுதியின் வருவாய், அதிலிருந்து உங்களுக்குத் தருவது சம்பளத்தில் சேரும். கார்டு வழியே வந்து பிரித்துத் தரப்படும் டிப்ஸில் 'டி.டி.எஸ்.' (பணம் தரும்போதே பிடிக்கும் வரி) என்று எதையாவது பிடித்தால், 2016 தீர்ப்பைச் சுட்டி, எந்த விதியின்கீழ் பிடித்தார்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள்.